சாம்பிராணி மேல் போட்ட பழி

ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் ரயில் ரோடு போடுவதற்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்த காலம். அறுபத்தேழு, அறுபத்தெட்டு வாக்கில் இருக்கும். மண்கூடை சுமக்கப் போகிற பெண்களில் சவேரியார்புரத்துத் தேவமணியின் குரல்தான் தெருவில் முதலில் கேட்கும்.

"எந்திரிங்கடி! நீங்க வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கிறதுக்கு சூரியன் என்னா உங்க மாமனாரா?"

அந்தக் குரலுக்குப் பயந்தே பாதிப் பேர் கஞ்சியைக் குடித்தும் குடிக்காமலும் ஓடி வருவார்கள்.

தேவமணி யார் என்றால், சவேரியார்புரத்துக் கோயில்பிள்ளை சின்னப்பனின் மூத்த மகள். கோயிலைக் கூட்டி, மணி அடித்து, பூசைக்கு எடுத்துவைக்கிற வேலை சின்னப்பனுக்கு. மனைவி சீக்கிரமே இறந்துபோனாள். கைக்குழந்தையாக இருந்த சகாயநாதனை இடுப்பில் வைத்து வளர்த்தது தேவமணிதான். தம்பியை விட்டுவிட்டு வெளியூருக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்ததால், அதே தெருவிலேயே ராயப்பனைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். ராயப்பன் மாட்டுப் பண்ணையில் தீவனம் போடுகிறவன். மாட்டோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து தேவமணி பேசினாள். ஒரே மகளை நாட்றாம்பாளையத்தில் கொடுத்தார்கள். குறை என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று இருந்தது, தேவமணியின் தலைவலி.

மண்கூடை சுமக்கத் தொடங்கிய முதல் வெயில்காலத்தில் அது வந்தது. உச்சியில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. மத்திகிரி ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருந்த நாராயணம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற நல்ல மனசுக்காரி, ஒரு தலைவலிப் பொடியைப் பிரித்து நீட்டினாள்.

"நாக்குல கொட்டிக்க அக்கா. மேல சூடா டீயை ஊத்து. அஞ்சு கூடை சேர்த்துத் தூக்குவே, பாரேன்."

சொன்னது போலத்தான் நடந்தது. வலியும் போனது, சோர்வும் போனது. அந்த வருஷம் வலித்த நாளில் மட்டும் போட்டாள். அடுத்த வருஷம் வலி வந்துவிடுமோ என்று காலையிலேயே போட்டுக்கொண்டாள். அதற்கடுத்து, டீ குடிக்கிற வேளையெல்லாம் பொடியும் கூடவே போனது. யாரும் இதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. அது மருந்து. கடையில் தொங்கவிட்டு விற்கிற மருந்து. சின்னப் பிள்ளைகள்கூடப் போய், "தேவமணி பெரிம்மாவுக்குப் பொடி" என்று வாங்கி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் சங்கடம். பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும் என்று சாமியார் சொல்லிவிட்டார். தேவமணி அதை ஏற்கவில்லை. அப்பன் காலத்து வழக்கப்படி, சனிக்கிழமை ராச்சோற்றுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட இல்லை. டீ இல்லை, பொடியும் இல்லை. பிரசங்கம் தொடங்கும்போது கண்ணுக்குப் பின்னால் வலி எழும்பும். காணிக்கை எடுக்கும்போது குமட்டும். நன்மை வாங்கிவிட்டு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"அந்தச் சாம்பிராணிப் புகை எனக்கு ஆவறதில்ல" என்பாள். அவள் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு ஏது? முன்வரிசையில் இருந்தவள் மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்து, கடைசியில் காற்று வருகிற பின்வாசல் ஓரமாக இடம் பிடித்தாள். பூசை முடிந்ததும் நேரே நாராயணம்மா கடைக்குப் போவாள். திரும்பி வரும்போது ஆளே வேறாக இருப்பாள்.

அதே பின்வாசலின் ஆண்கள் பக்கத்தில் இன்னொருவனும் உட்காருவான். அவன் சகாயநாதன். அவன் பின்னுக்கு வந்ததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். நம் பக்கம் மதுவிலக்கு. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விட்டால் மைசூர்ச் சீமை, சாராயக்கடை திறந்திருக்கும். ரயில் ரோட்டில் கடப்பாரை பிடிக்கிற சகாயநாதன், மாலையில் வேலை விட்டதும் பஸ் ஏறுவான். கடைசி பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். ஞாயிறு பூசைக்கு முதல் நாள் வாடையோடு வந்து பின்னால் ஒதுங்குவான்.

அவன் மனைவி ஜெயசெல்வி அடித்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டைக்குத் தாய்வீடு போய்விட்டாள். தேவமணிதான் சமாதானம் பேசப் போனாள். ஜெயசெல்வி நாத்தனாருக்கு முட்டைக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறி, அதற்குப் பிறகு சொன்னாள்:

"அண்ணி, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. தபசுக்காலம் நாப்பது நாளும் அந்தாளு தொடாம இருக்கட்டும். ஈஸ்டர் அன்னைக்கு நானே பஸ் ஏறி வர்றேன். நடுவுல ஒரு நாள் குடிச்சாலும் சரி, நான் வரமாட்டேன். இங்கயே கூலிக்குப் போயி என் புள்ளைய வளர்த்துக்குவேன்."

சொன்னால் சொன்னதைச் செய்கிறவள் அவள். வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலுக்குப் பின்புறம் தேவமணி தம்பியை மடக்கினாள்.

"டேய், ஆண்டவர் சந்நிதியிலகூட இந்த நாத்தமா? அந்தப் பொண்ணு சொல்லி அனுப்பினது காதுல ஏறிச்சா இல்லையா? நாலு எழுத்துப் படிக்கலேன்னாலும் நாக்கைக் கட்டத் தெரியவேணாமா? குடிக்கு அடிமையா போயி, பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல…"

"மெதுவா பேசுக்கா. ஏன் தலையப் புடிச்சுக்கிட்டே திட்டுற?"

"பின்ன? அந்தச் சாம்பிராணி மண்டைக்குள்ள போயி நிக்குது."

சகாயநாதன் அக்காவை ஒரு தினுசாகப் பார்த்தான்.

"இன்னைக்கு யாருக்கா சாம்பிராணி போட்டா?"

தேவமணி தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் சின்னப் பையன்ல தூபக்கால் ஆட்டினவன். நீயும் கோயில்பிள்ளை பொண்ணு. பெரிய திருநாளைக்கும் சாயங்கால ஆசீர்வாதத்துக்கும்தான் சாம்பிராணி. சாதா ஞாயித்துக்கிழமை எங்க போடுறாங்க? போன வாரமும் போடல. அதுக்கு முந்தின வாரமும் போடல. உனக்குத் தவறாம வலிக்குது."

"எப்பவோ போட்ட வாசனை செவுத்துல நிக்கும்டா."

"செவுத்துல நிக்கிறது, நீ நாராயணம்மா கடையில பொடியைப் போட்டதும் எறங்கிடுதா?"

"வலிக்குது, போடுறேன். மருந்துடா அது!"

"வலிக்குதுன்னு நீ பொடி போடல. பொடி போடலேன்னுதான் உனக்கு வலிக்குது."

தேவமணிக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "குடிகாரப் பய எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டான்! நான் பொடி போட்டு எந்தத் தெருவுல உழுந்து கெடந்தேன்? எவன் கதவைத் தட்டினேன்?"

"உழல. ஒத்துக்கிறேன். ஆனா மாதா படத்துக்குப் பின்னாடி பொடி வச்சிருக்கியே, அது எதுக்கு?"

"அவசரத்துக்கு."

"அரிசிப் பானை மூடி மேல?"

"அதுவும் ஒரு அவசரத்துக்குத்தான்."

"மாட்டுக் கொட்டாயில வைக்கோலுக்குள்ள நான் சீசா வச்சிருந்தேனே, அதையும் நான் அவசரத்துக்குன்னுதான் சொன்னேன். நீ வெளக்குமாத்தால அடிச்ச." அவன் சிரித்தான், கேலியாக அல்ல. "கோவிச்சுக்காதக்கா. ஆசைக்குக் குடிக்கிறது ஒண்ணு. அப்புறம் ஒரு நாளு வரும். ஆசையெல்லாம் ஓடிப் போயிருக்கும். குடிக்கலேன்னா கை நடுங்கும், அதுக்காகவே குடிப்போம். அந்த எடத்துல நான் நிக்கிறேன். பக்கத்துல திரும்பிப் பார்த்தா நீயும் நிக்கிற."

"சீ, போடா" என்று சொல்லிவிட்டு தேவமணி நடந்தாள். எங்கே நடந்தாள்? நாராயணம்மா கடைக்குத்தான்.

தபசுக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல் நாள் அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ராச்சோறு ஆனதும் எல்லோரும் உட்கார்ந்து, தபசுக்காலத்தில் யார் எதை விடுகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். கறி எப்படியும் கிடையாது. அது போக, தனக்குப் பிடித்த ஒன்றை நேர்ந்துகொள்ள வேண்டும். ராயப்பன் பீடியை விடுவதாகச் சொல்வான், வருஷா வருஷம். தேவமணி வெற்றிலையை விடுவாள். அது அவளுக்குப் பெரும்பாடு.

அன்று சகாயநாதன் வந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமலே சொன்னான்:

"நான் சாராயத்தை வுடுறேன். ஆனா தனியா என்னால ஆவாது. எத்தினியோ தரம் முட்டிப் பார்த்துட்டேன். அக்கா என்கூட ஒண்ணை வுடட்டும். என்னன்னு நான்தான் சொல்லுவேன். அவ வுட்டுட்டு இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன். அவ உடைச்சா நானும் உடைச்சிடுவேன். மாமா, நீங்கதான் சாட்சி."

ராயப்பன் தலையை ஆட்டினான். தேவமணி, வெற்றிலையோடு சேர்த்து டீயையும் கேட்டுவிடுவானோ என்று பயந்தாள்.

"சொல்லித் தொலைடா."

"பொடி."

தேவமணி சிரித்தே விட்டாள். "அட, இதுக்காடா இம்மாம் பீடிகை? உன் பொண்டாட்டி வந்து சேரட்டும், பொடியென்ன பொடி! இந்தா, இப்பவே வுட்டேன்." எழுந்து போய் மாதா படத்துக்குப் பின்னாலிருந்தும் பானை மூடியிலிருந்தும் சுருக்குப் பையிலிருந்தும் பொட்டலங்களை எடுத்து அடுப்பில் போட்டாள். வெற்றிலை தப்பித்தது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. வாங்கி வைத்திருந்த வெற்றிலைக் கவுளியை மறுபடி நனைத்து மூடி வைத்தாள்.

மறுநாள் நெற்றியில் சாம்பல் பூசி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். வலித்தது. பட்டினி வலி என்று நினைத்தாள். அடுத்த நாள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். அப்போதும் வலித்தது. வெயில் என்று நினைத்தாள். மண்வெட்டுகிற இடத்தில் கூடையைத் தூக்கித் தலையில் வைத்ததும் மண் கண்முன்னால் கறுப்பாகச் சுழன்றது. கூடையைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். கூட வேலை செய்கிற வெள்ளையம்மா ஓடி வந்து முதுகைத் தடவினாள்.

"இன்னாக்கா, இந்த வயசுல முழுகாம இருக்கியா?"

எப்போதும் என்றால் இதற்கு நாலு பதில் கொடுத்திருப்பாள். அன்று வெறுமனே வாயைத் துடைத்துக்கொண்டாள். எந்த நினைப்பும் நிற்கவில்லை. டீக்கடையில் சரமாகத் தொங்குகிற பொட்டலங்கள் மட்டும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றன. அவற்றின் தாள் மடிப்புக்கூடத் தெரிந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப் பாதை. அதற்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், நாராயணம்மா கடையின் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"ஒண்ணு குடு."

"நேர்ந்துக்கிட்டேன்னு சொன்னியே அக்கா?"

"உன்னை நியாயமா கேட்டேன்? குடுடி."

தாளைப் பிரித்து நாக்கில் கொட்டினாள். டீ வருவதற்குள், பொடி தொண்டையைத் தாண்டுவதற்குள்ளேயே நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. மருந்து இன்னும் வயிற்றுக்கே போகவில்லையே, அதற்குள் எப்படி என்று ஒரு நிமிஷம் அவளே யோசித்தாள். கசப்பு வாடை தெரியாமல் இருக்க ஒரு கிராம்பை வாயில் போட்டுக் கடித்தாள். நேர்வழியில் போனால் தம்பி வீட்டைத் தாண்ட வேண்டும் என்று ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஏரிக்கரையில் பாதி தூரம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாயில் கிராம்பு, சுற்றுவழி, கோயிலுக்குப் போனதாக ஒரு பொய். இந்த மூன்றும் சகாயநாதனுடையவை. எத்தனை முறை இதே கரையில் காத்திருந்து அவனைப் பிடித்திருக்கிறாள்! அடிமை என்று அவனைத் திட்டும்போதெல்லாம், அது தள்ளாடுகிறவனுக்கும் தெருவில் விழுகிறவனுக்கும் உரிய பேர் என்றே நினைத்திருந்தாள். நேராக நடந்து, நல்ல சேலை கட்டி, நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவளுக்கும் அந்தப் பேர் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அப்படியும் அன்று உண்மையைச் சொல்லவில்லை. அவள் வீட்டு வாசலில் சகாயநாதன் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கை நடுக்கத்தை அடக்க ஏதாவது வேலை வேண்டும் அவனுக்கு. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"எப்பிடிக்கா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"வலி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நானும் தாண்டிடுவேன். உன்னைப் பார்த்துக்கிட்டுதான்க்கா இருக்கேன். சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டா, அக்கா வலியோட இருக்கிறா, நான் எப்பிடிப் போறதுன்னு நெனச்சுக்கிறேன். கால் நின்னுடுது."

தேவமணி உள்ளே போய் அடுப்பை ஊதினாள். புகை இல்லாமலே கண் எரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இன்றோடு விட்டுவிடுவேன் என்றுதான் எழுந்தாள். மத்தியானம் வரை பல்லைக் கடிப்பாள். அதற்குப் பிறகு கால் தானாகக் கடைப்பக்கம் போகும். தம்பியோ நாளுக்கு நாள் தேறினான். சோறு இறங்கியது. கண் வெள்ளை வெள்ளையானது. ராயக்கோட்டைக்குப் போகிற ஆளிடம் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்தனுப்பினான். உண்மையைச் சொன்னால் அவன் உடைத்துவிடுவான், ஜெயசெல்வி வரமாட்டாள். சொல்லாவிட்டால் அவன் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது எந்த நேரமும் வெளியே வரலாம். நாராயணம்மாவின் வாயைப் பற்றித் தெரியாதா?

கடைசியில் ராயப்பனிடம் சொல்லி அழுதாள். அவன் மாட்டுக் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டுவிட்டு, ஒரே வார்த்தை சொன்னான்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ஒரு வாரமா கிராம்பு வாசனை வருது. பல்லுவலியான்னு கேக்கலாம்னு பார்த்தேன்."

"கேக்கவேண்டியதுதான?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. அதைக் கேக்க எனக்குப் புடிக்கல." முடிச்சை இறுக்கிவிட்டு, "அவன்கிட்டச் சொல்லிடு" என்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள். வாசலில் நின்றபடி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நான் உடைச்சிட்டேன்டா. மூணாம் நாளே உடைச்சிட்டேன். தெனமும் போடுறேன். உன்கிட்டச் சொன்னதெல்லாம் பொய்."

சகாயநாதன் கயிற்றைக் கீழே வைத்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். ரோட்டைப் பார்த்து நடந்தான். தேவமணிக்கு உயிரே போய்விட்டது. பின்னாலேயே ஓடினாள். அவன் கால் நீளம். அவள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நிற்கிற ஆலமரத்தடியில் நின்றிருந்தான்.

"சகாயம், வேணாம்டா."

"நீ உடைச்சா நான் உடைப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நான் தடுக்கல. தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்ல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுக்க. நாளைக்கு நான் மொதல்லேருந்து ஆரம்பிக்கப் போறேன். நீ பஸ் ஏறினாலும் ஆரம்பிப்பேன், ஏறலேன்னாலும் ஆரம்பிப்பேன். இனிமே உனக்காக இல்ல. எனக்கே இது என்னான்னு தெரிஞ்சுபோச்சு. நீ சொன்னப்ப குடிகாரன் ஒளர்றான்னு நெனச்சேன்."

அத்திப்பள்ளி பஸ் வந்து தூசியோடு நின்றது. கண்டக்டர் திம்மப்பன், எல்லையைத் தாண்டிக் குடிக்கப் போகிற அத்தனை பேரையும் பேர் சொல்லி அழைக்கக்கூடியவன். படியில் தொங்கிக்கொண்டே கேட்டான்:

"ஏன் சகாயம், ரொம்ப நாளா காணோம்! வா, வா, எடம் இருக்குது."

சகாயநாதன் பஸ்ஸைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மெல்ல, தனக்குத்தானே பேசுகிற மாதிரி கேட்டான்.

"மூணாம் நாளேவா உடைச்ச?"

"ஆமாண்டா."

"அப்ப இத்தினி நாளும் நீ என்கூட இல்ல."

"இல்ல."

"அப்ப நான் தனியாவேவா இருந்திருக்கேன்?"

தேவமணி முழித்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. தொலைந்துபோனது கையிலேயே இருப்பதைக் கண்டவன் மாதிரி ஒரு திகைப்பு இருந்தது. தன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தான். அவை நடுங்கவில்லை.

"என்னப்பா, ஏர்றியா, இல்லையா?" என்றான் திம்மப்பன்.

"இல்ல. நீ போ. எங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல."

பஸ் போய்விட்டது. தேவமணி அந்த ஆலமரத்து வேரிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் பக்கத்தில் குந்தினான்.

"அழுவாத. அழுதா இன்னும் தலை வலிக்கும். நாளைக்குப் பொறுத்துக்கலாம். நாளான்னிக்கி, அதுக்கு மறுநாளு, அதுதான் மோசம். நீ உடைச்சியே, சரியா அங்கதான் நானும் ஒவ்வொரு தரமும் உடைச்சேன். அதைத் தாண்டிட்டா பேய் எறங்கின மாதிரி இருக்கும். அந்த ரெண்டு நாளும் வேலைக்குப் போவாத. கண்ணை மூடிப் படு. நான் சுக்குக்காப்பி வச்சுத் தர்றேன்."

"நீயாடா வைப்ப?"

"வச்சா குடிக்கிற மாதிரி இருக்காது. வேற ஒரு சனியனைக் குடிச்சமே, இதையும் குடி."

அவன் வைத்த சுக்குக்காப்பி உண்மையிலேயே குடிக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் தேவமணி குடித்தாள். தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இருட்டு மூலையில் கிடந்தாள். தம்பியைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், ரயில் ரோட்டைத் திட்டினாள். நாராயணம்மா பார்க்க வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்து கேட்டாலும் குடுக்காதடி."

"நீ கேட்டுக் குடுக்காம நான் கடை வைக்க முடியுமா? நீ போடுற கூச்சல்ல கூரை பிச்சுக்கும். ஒண்ணு பண்றேன். அந்தப் பொட்டலச் சரத்தையே கழட்டி எங்க வூட்ல வச்சுடுறேன். அவ்ளோ தூரம் நீ நடந்து வந்தா குடுக்கிறேன்."

ஒரு முறை அப்படியும் நடந்துபோனாள். அதையும் மறைக்கவில்லை. வந்து சகாயநாதனிடம் சொன்னாள். அவன், "சரி, மறுபடி படு" என்றான், அவ்வளவுதான். குருத்தோலை ஞாயிறன்று பூசை நடுவில் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. வெறும் தலையாக இருந்தது. பல வருஷமாக நெஞ்சுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த வயிறுகூட ஆறியிருந்தது. எழுந்து முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வெள்ளையம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஈஸ்டர் அன்று பகல் பஸ்ஸில் ஜெயசெல்வி வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் தகரப்பெட்டி. வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கவில்லை. புருஷனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"குடிச்சியா?"

"இல்ல."

"ஒரு நாளு?"

"ஒரு நாளும் இல்ல."

அவன் தலைகுனிந்து நின்றது தேவமணிக்குப் பொறுக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் அவனை மட்டும் தனியாக நிறுத்துவதா?

"நான் குடிச்சேன்" என்றாள்.

ஜெயசெல்வி மிரண்டு போனாள். "அண்ணி! நீங்களா? சாராயமா?"

"தலைவலிப் பொடிதான். அதுவும் அதே கழுதைதான், கட்டியிருக்கிற கொட்டாய்தான் வேற. உன் புருஷன் ஒரு தரம்கூட உடைக்கல. நான் உடைச்சதுக்குக் கணக்கே இல்ல. அவன்தான் என்னை எழுப்பி நிறுத்தினான். கேள்வி கேக்கிறதா இருந்தா என்னைக் கேளு."

ஜெயசெல்வி அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ராயப்பனைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நல்ல குடும்பத்துலதான் என்னைக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிக் குழந்தையை நாத்தனார் மடியில் போட்டுவிட்டு, பெட்டியோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. "இந்தப் பாத்திரத்துல என்னாத்தை வச்சுக் கருக்கினீங்க?"

"சுக்குக்காப்பி" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒன்றாக.

அதற்குப் பிறகு ரயில் வந்தது. மண் சுமந்த பெண்கள் வேறு வேலைகளுக்குப் பிரிந்து போனார்கள். சகாயநாதன் பிற்பாடு இரண்டு தடவை சறுக்கினான், இரண்டு தடவையும் எழுந்தான். அவனுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. தேவமணி ராயப்பனுக்குப் பின்னாலும் வெகுகாலம் இருந்தாள். தலை வலித்தால் பொடி போடக்கூடாது என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. நாராயணம்மா கடையில் பொடி கேட்டு நிற்கிற பெண்ணைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"வலிக்குதா? போட்டுக்க. ஆனா நாளைக்கு வலிக்கப் போவுதுன்னு இன்னைக்கே முந்தானையில ஒண்ணு முடிஞ்சு வைக்கிற பாரு, அன்னைக்கு என் வூட்டுக்கு வா. நான் திட்டமாட்டேன்."

வந்தவர்களை அவள் திட்டத்தான் செய்தாள். ஆனாலும் வந்தார்கள்.